கண்ணாடிப் பேழையும் உயிருள்ள மாந்தரும்: அந்தமான் மானிடவியல் அருங்காட்சியகத்தை முன்னிட்டு ஓர் அறவினா

முன்னுரை

ஒரு மக்களினத்தார் இன்றும் உயிரோடு வாழ்ந்துவரும்போதே அவர்தம் வில்லையும் ஓடத்தையும் கூடையையும் கண்ணாடிப் பேழைக்குள் அடுக்கிப் பிறர் பார்வைக்கு வைத்தல் அறமாகுமா என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. வினா புதிதன்று. மேலை நாட்டு அருங்காட்சியகங்களை முன்வைத்து இது பலகாலும் எழுப்பப்பட்டுள்ளது. எனினும் தமிழ் ஆய்வுலகில், குறிப்பாக நாட்டார் வழக்காற்றியலும் இனவரைவியலும் பாடமாகப் பயிற்றப்படும் துறைகளில், இது போதிய அளவு பேசப்பட்டதாகத் தெரியவில்லை. 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேயர் என வழங்கி, இப்பொழுது ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ள நகரில் இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனம் நடத்திவரும் அருங்காட்சியகம் இங்கு ஆய்வுக் களமாகக் கொள்ளப்படுகின்றது. (பழைய பெயர் 1789இல் அங்குக் குடியேற்றம் அமைத்த ஆங்கிலேயக் கடற்படை அலுவலருடையது, புதிய பெயர் கடல் கடந்த ஒரு பேரரசை நினைவூட்டுவது. இவ்விரண்டும் அத்தீவின் தொல்குடிகள் இட்டவையல்ல என்பதை இவ்விடத்திலேயே குறித்துக்கொள்ளலாம்.)

இவ்வினாவுக்கு என்னை இட்டுச்சென்றது நூலன்று, ஒரு சிறுவனின் கேள்வி. அவ்வருங்காட்சியகத்தில் எனக்கு முன்னே சென்ற தமிழ்க் குடும்பம் ஒன்றில், ஏழு அல்லது எட்டு வயதிருக்கும் சிறுவன் ஒரு பேழையின் முன் நின்று, "இவங்க எல்லாரும் செத்துப்போயிட்டாங்களா அம்மா?" என்று கேட்டான். "ஆமாம்ப்பா, ரொம்ப நாளைக்கு முன்னாடி" என்றார் தாய். அவர்கள் அடுத்த பேழைக்குச் சென்றுவிட்டனர். பேழையில் இருந்தவை ஜாரவா மக்களின் பொருள்கள். அம்மக்களுள் 380 பேர் வாழ்வதாக 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு கூறுகின்றது. அவர்தம் காப்புக்காடு அந்நகரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ளது. நான் அத்தாயைத் திருத்தவில்லை. மானிடவியல் கற்பிக்கும் ஒருவன் அன்று ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கு இன்றுவரை எனக்குத் தக்க விடை கிடைக்கவில்லை. இக்கட்டுரையின் ஒரு பகுதி அவ்விடையைத் தேடும் முயற்சியும் ஆகும்.

காட்சி, கருதல், உரை

'அருங்காட்சியகம்' என்னும் சொல்லாக்கத்தில் நடுவே நிற்பது 'காட்சி' என்னும் சொல். தமிழ் மெய்யியல் மரபில் இது வெறும் பார்வையைக் குறிப்பதன்று. அறிவு பெறும் வாயில்களாகிய அளவைகளுள் முதலாவதைக் குறிப்பது. சிவஞான சித்தியாரின் அளவையியல், விரிந்த அளவைகள் அனைத்தையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகின்றது. மணிமேகலை காட்டும் பௌத்த அளவையியலோ இரண்டோடு நின்று உரையைத் தனி அளவையாகக் கொள்ளாது விடுகின்றது. இவ்வேறுபாடு சமயக் கணக்கர்தம் வாதத்துக்கு மட்டும் உரியதெனத் தோன்றலாம். ஆயினும் ஓர் இனவரைவியல் அருங்காட்சியகத்தின் இயல்பை விளங்கிக்கொள்ள இதனைவிடப் பொருத்தமான கருவி நம் மரபில் இல்லை என்றே கருதுகின்றேன்.

பேழையில் உள்ள வில் நமக்குக் காட்சி. அவ்வில்லின் நீளத்தையும் நாணையும் கொண்டு வேட்டையை உய்த்துணர்வது கருதல். வில்லைச் செய்தவன் அதனைப் பற்றிச் சொல்வது உரை. உலகெங்கும் இனவரைவியல் அருங்காட்சியகங்கள் முதலிரண்டையும் தாராளமாக வழங்கி, மூன்றாவதை இன்மையாகவே விட்டுவிட்டன. குறிப்பட்டையில் எழுதப்பெற்றிருப்பது உரையன்றோ எனின், அது பார்த்தவரின் உரையே தவிரப் பார்க்கப்பட்டவரின் உரையன்று.

இனப்பெயர்களே இதற்குச் சான்று. ஜாரவா என்பது அம்மக்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. அவர்கள் தம்மை 'அங்' என்றே சொல்லிக்கொள்கின்றனர். 'ஜாரவா' என்பது அயலார், வேற்றார் என்னும் பொருளில் பேரந்தமானியர் வழங்கிய சொல் என்பர். அச்சொல்லைத் தந்த ஆகா-பேயா மொழி இன்று இல்லை. இறந்துபோன ஒரு மொழி, உயிரோடுள்ள ஒரு மக்களை 'வேற்றார்' என அழைத்த அழைப்பு, குறிப்பட்டைகளிலும் சட்டநூல்களிலும் நிலைபெற்றுவிட்டது. வடசென்டினல் தீவினரின் நிலை இன்னும் தொலைவானது. அவர்களுக்குத் தீவின் பெயரையே, அதுவும் பிறர் இட்ட பெயரை, இனப்பெயராக்கியுள்ளோம். அவர்கள் தம்மை எவ்வாறு அழைத்துக்கொள்கின்றனர் என்பது உலகில் வேறெவருக்கும் தெரியாது.

பேழைக்கு முன்னைய வரலாறு

அந்தமானியரைக் காட்சிப்படுத்தும் வழக்கம் அருங்காட்சியகத்துடன் தொடங்கவில்லை. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர்த் தண்டனைக் குடியேற்றத்துக்கு இடம் தேடி மோவாட் என்பார் தலைமையில் சென்ற குழு, ஓர் அந்தமானியரைப் பிடித்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது. அவருக்கு 'ஜாக்' எனப் பெயரிட்டு, உடை உடுத்தி, ஒளிப்படம் எடுத்தனர். அவரைக் காணப் பெருங்கூட்டம் கூடியது. சில நாள்களில் அவர் நோயுற்றமையால் பிடித்த கரையிலேயே கொண்டுபோய் விட்டனர். அவர் என்ன சொன்னார் என்பதற்குப் பதிவில்லை. சொன்னாலும் விளங்கிக்கொள்ள அங்கு ஒருவரும் இல்லை.

1858 மார்ச்சில் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்டது. 1859 மே மாதத்தில் அபர்தீன் என்னுமிடத்தில் அந்தமானியர் அதனைத் தாக்கித் தோற்றனர். 1863இல் கார்பின் என்னும் பாதிரியார் 'அந்தமான் இல்லம்' என்பதனைத் தொடங்கினார். காட்டு மக்களைக் கொணர்ந்து உணவும் புகையிலையும் தந்து பழக்குவது இதன் நோக்கமாகக் கூறப்பட்டது. உயிருள்ள மனிதரை ஓரிடத்தில் வைத்துக் கண்டும் அளந்தும் எழுதியும் வந்த அவ்வில்லத்தையே அத்தீவுகளின் முதல் அருங்காட்சியகம் எனக் கூறின் மிகையாகாது. 1876இல் மேகப்புண்ணும் 1877இல் தட்டம்மையும் அம்மக்களிடையே பரவின. 1858ஐ ஒட்டிச் சில ஆயிரவராக இருந்தனர் என மதிப்பிடப்படும் பேரந்தமானியர் 1901இல் 625 பேர். 1961இல் 19 பேர்.

இந்த எண்கள் வீழ்ந்த காலமும் பொருள்கள் திரட்டப்பட்ட காலமும் ஒன்றே என்பதுதான் நாம் உற்றுநோக்க வேண்டுவது. இல்லத்தின் பொறுப்பில் இருந்த இ. எச். மேன் அந்தமானியரைப் பற்றி 1882-83இல் விரிவான நூற்கட்டுரைகளை வெளியிட்டார். அவர் திரட்டிய பொருள்கள் ஆக்சுபோர்டின் பிட் ரிவர்சு அருங்காட்சியகம் வரை சென்றன. அவருக்குப் பின் பொறுப்பேற்ற எம். வி. போர்ட்மன் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கெனத் தொடர்நிலையாக ஒளிப்படங்கள் எடுத்தார். இதே போர்ட்மன்தான் 1880இல் வடசென்டினல் தீவில் இறங்கி, முதிய இணையர் இருவரையும் சிறுவர் நால்வரையும் பிடித்துவந்தவர். முதியவர் இருவரும் விரைவில் நோயுற்று இறந்தனர். சிறுவர்கள் பரிசுப்பொருள்களுடன் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்தமானியருடனான தம்மவர் உறவின் வரலாற்றை 1899இல் இரு தொகுதிகளாக எழுதியபோது, வெளியார் தொடர்பு அம்மக்களுக்குத் தீங்கையன்றி வேறொன்றும் தரவில்லை என அவரே ஒப்புக்கொள்கின்றார். குற்றத்தை அறிந்தவரும் அவரே, செய்தவரும் அவரே, ஆவணப்படுத்தியவரும் அவரே. இம்மூன்றும் ஒருவரிடத்துச் சேர்ந்திருத்தல் அக்கால மானிடவியலின் பொதுநிலை என்று கூறிக் கடந்துவிடலாம். ஆயினும் அவர் எடுத்த படங்கள்தாம் இன்று அம்மக்களின் முன்னோர் முகத்துக்கு எஞ்சிய சான்று என்னும்போது, கடந்துசெல்லுதல் எளிதாக இல்லை.

இறந்த உறவினரின் மண்டையோட்டையும் தாடை எலும்பையும் செங்காவி பூசிக் கழுத்தில் அணிந்திருத்தல் அந்தமானியரின் துயர்காப்பு வழக்கம். மேனும், 1906-08இல் களப்பணி செய்த ராட்கிளிஃப்-பிரவுனும் இதனைப் பதிவு செய்துள்ளனர். தாயின் எலும்பை மகள் நெஞ்சருகே வைத்திருந்த பொருள் அது. அத்தகைய எலும்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய உடற்கூற்றியல் திரட்டுகளைச் சென்றடைந்து, மண்டையோட்டின் அகலத்தையும் நீளத்தையும் ஒப்பிடும் அட்டவணைகளாயின. பிட் ரிவர்சு அருங்காட்சியகம் மனித உடற்பகுதிகள் 120ஐக் காட்சியிலிருந்து நீக்கியது 2020இல்தான். பாரிசில் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்த சாரா பார்ட்மனின் எச்சங்கள் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பியது 2002இல்.

அளக்கப்பட்டவர் நாமும்

இவற்றை வெள்ளையர் செய்த பிழை என்று ஒதுக்கிவிடுதல் தமிழ் ஆய்வாளர்க்கு இயலும். அவ்வாறு ஒதுக்குதற்கு நமக்குச் சான்றும் உண்டு. 1885 முதல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், நம் முன்னோரின் மூக்கையும் தலையையும் இடுக்கிக் கருவியால் அளந்தவர். அருங்காட்சியகத்தைக் காண வந்தவரும் அவருடைய அளவைக்கு உட்பட்டனர். ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூல் இன்றும் நம் ஆய்வேடுகளில் மேற்கோளாகின்றது. காண வந்தவனே காட்சிப்பொருளான இந்நிகழ்வு நமக்கு அந்தமானியரின் நிலையை ஓரளவு உணர்த்தல் வேண்டும்.

ஆனால் உணர்த்தியதா? ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் அகழ்ந்து பெர்லினுக்குக் கொண்டுசென்ற பொருள்கள் திரும்ப வேண்டும் என நாம் எழுதியுள்ளோம், பேசியுள்ளோம். பத்தூர் நடராசர் திருமேனிக்காக இலண்டன் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், கோயிலே வழக்காடியாக நிற்கும் உரிமை ஏற்கப்பட்டு 1991இல் திருமேனி மீண்டது. அதனை நாம் பெருமையோடு நினைவுகூர்கின்றோம். ஒரு பொருளுக்கு அது பிறந்த இடத்தின்மேல் உரிமை உண்டு. வழிபாட்டுக்குரியதைக் கலைப்பொருளாகக் காணுதல் அதன் உயிர்ப்பைக் குறைத்துக் காணுதலாகும் என்பவை நம் வாதங்கள். இவ்வாதங்களை நிக்கோபாரியரின் 'கரேயாவ்' உருவங்களுக்கு நீட்டிப் பார்த்த தமிழ்க் கட்டுரை ஒன்றையேனும் நான் கண்டதில்லை. மனித வடிவிலும் விலங்கு வடிவிலும் மரத்தில் செதுக்கி, நோய் செய்யும் ஆவிகளை வெருட்ட வீட்டில் நிறுத்தப்படும் உருவங்கள் அவை. காவற்பொருளைச் சிற்பம் என அழைத்து நாம் வியக்கின்றோம். நம் ஐயனார் கோயில் மண்குதிரையைப் பிறர் அவ்வாறு வியந்தால் ஏற்போமா என்பது எண்ணத்தக்கது.

தமிழர்க்கு இத்தீவுகளோடு உள்ள உறவு பார்வையாளர் என்ற அளவில் நிற்பதன்று. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி அவன் கொண்ட நாடுகளுள் மாநக்கவாரத்தையும் எண்ணுகின்றது. 1750களில் நிக்கோபாரில் தேனியர் அமைத்த குடியேற்றம் நம் தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்டதே. விடுதலைக்குப் பின் தாயகம் திரும்பிய இலங்கைத் தமிழர் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்தமான் நிக்கோபார் மக்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். வறுமையினாலும் நாடற்ற நிலையினாலும் சென்றோர் இவர்கள். இவர்தம் துயரை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் ஏதிலியாய்ச் சென்றவன் காலூன்றிய நிலமும் மற்றொருவரின் வேட்டை நிலமாக இருந்திருக்கலாம் என்பதே குடியேற்ற வரலாற்றின் கடுமையான உண்மை.

சாதுவன் கற்ற மொழி

மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன், கலம் உடைந்து, ஆடையற்ற நாகர் வாழும் நிலத்தில் கரையேறுகின்றான். அந்நிலத்தை நக்கவாரத்தோடு இணைத்துக் காண்பாரும் உண்டு. அவ்வாராய்ச்சி இங்கு வேண்டுவதன்று. நமக்கு வேண்டுவது, அவன் உயிர் பிழைத்தது எவ்வாறு என்பது. அவனுக்கு அவர்தம் மொழி தெரிந்திருந்தது. அவர்கள் அவனைத் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். அங்கு நிகழ்வது உரையாடல். சாதுவன் அறம் கூறுகின்றான். தலைவன் நகைத்து, உடலை விட்டு ஏகும் உயிர் எங்குச் செல்லும் என வினவுகின்றான். விடை கேட்டபின் தனக்கும் தன்னோர்க்கும் இயலும் அறத்தை மட்டும் ஏற்றுக்கொள்கின்றான்.

சாத்தனார் அத்தலைவனை வருணிக்கும் முறை இன்றைய நோக்கில் இழிவுபடுத்துவதே. எலும்பும் முடைநாற்றமும் கள்ளும் சூழ அவன் அமர்ந்திருக்கின்றான். நாகரிகம் உடையவன் அஃது இல்லானுக்குக் கற்பிக்கும் கதையமைப்பும் அதுவே. இவற்றை மறைத்துக் காப்பியத்தைப் போற்றுதல் ஆய்வாளர்க்கு அழகன்று. ஆயினும் நாகர் தலைவனுக்கு அக்காதையில் வாய் உண்டு. அவன் வினவுகின்றான், மறுக்கின்றான், தேர்கின்றான். கல்கத்தாவில் நின்ற 'ஜாக்' என்பாருக்கு அது கிட்டவில்லை. உரையைத் தனி அளவையாகக் கொள்ளாத பௌத்தத்தின் காப்பியமே மாற்றாரின் உரைக்கு இடம் தந்திருப்பது வியப்புக்குரியது.

ராட்கிளிஃப்-பிரவுன் சிற்றந்தமானில் ஓங்கே மொழியைக் கற்க முயன்று கைவிட்டார். அவருடைய புகழ்பெற்ற நூல் (1922) பெரிதும் பேரந்தமானியரிடையே, இடைநின்ற மொழியின் துணையால் பெற்ற செய்திகளைக் கொண்டு எழுந்தது. அவ்வினத்தாரின் மொழிகளை முறையாகப் பதிவு செய்யும் பணி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மொழியியலாளர் அன்விதா அப்பியால் மேற்கொள்ளப்பட்டது. அவருடைய பேரந்தமானிய அகராதி 2012இல் வெளிவந்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 2010 சனவரியில், போ மொழியின் கடைசிப் பேச்சாளராகிய போவா மூதாட்டி காலமானார். தம் தாய்மொழியில் உரையாட ஒருவரும் இன்றி அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தார். பேரந்தமானியரின் ஓடமும் அணிகலனும் அருங்காட்சியகங்களில் நூறாண்டுக்கு மேல் பாதுகாக்கப்பட்டன. சொல்லைப் பாதுகாக்க வேண்டும் என்னும் எண்ணம் வந்தபோது பேசுவோர் விரல்விட்டு எண்ணும் அளவினரே எஞ்சினர்.

சாலையும் பேழையும்

இதுவரை கூறியவற்றிலிருந்து அருங்காட்சியகத்தை மூடிவிட வேண்டும் என்னும் முடிவுக்கு ஒருவர் வரக்கூடும். எனக்கும் ஒரு காலத்தில் அவ்வெண்ணம் இருந்தது. அதனை மாற்றியது அந்தமான் பெருவழிச் சாலை.

இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனம் 1945இல் தோன்றியது. அதன் அந்தமான் மண்டல மையம் 1951இல் அமைந்தது. அருங்காட்சியகம் 1975-76இல் உருவாயிற்று. இக்காலத்தில்தான் அப்பெருவழிச் சாலை ஜாரவாக் காட்டை ஊடறுத்துப் போடப்பட்டு வந்தது. 1997இன் இறுதியில் ஜாரவாக்கள் தாமாகவே பகை நீங்கிக் குடியிருப்புகளுக்கு வரத் தொடங்கினர். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. சாலையின் ஜாரவாப் பகுதியை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002இல் ஆணையிட்டது, சாலை மூடப்படவில்லை. உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச்செய்த காட்சிப்பதிவு 2012 சனவரியில் உலகெங்கும் பரவியது. 2013இல் சுற்றுலாப் பயணிகளுக்குச் சில வாரங்கள் தடை விதிக்கப்பட்டு, பின்னர் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. வண்டிகள் காவலுடன் அணியணியாகச் செல்கின்றன. நிறுத்தக்கூடாது, ஒளிப்படம் எடுக்கக்கூடாது, உணவு தரக்கூடாது என்பன விதிகள்.

நானும் அச்சாலையில் பாரதாங் நோக்கிச் சென்றேன். விதிகளை மீறவில்லை. ஆனால் வழி நெடுக வண்டியின் பலகணி வழியே காட்டின் ஓரத்தை நோக்கிக்கொண்டே இருந்தேன். எதை எதிர்பார்த்து நோக்கினேன் என்பதை எனக்கு நானே மறைத்துக்கொள்ள இயலாது. ஒருவரும் தென்படவில்லை. அப்பொழுது எழுந்தது நிம்மதியன்று, ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தை உணர்ந்தபோது வெட்கமுற்றேன். காணும் வேட்கை கல்வியால் நீங்குவதன்று என்பதற்கு நானே சான்றானேன்.

இவ்வேட்கையை அழிக்க முடியாதெனின் அதனை எங்கே செலுத்துவது? தொல்குடிகளைப் பாதுகாக்கும் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டமும் அதனைக் கடுமையாக்கிய 2012ஆம் ஆண்டுத் திருத்தமும் வெளியார் அக்காடுகளுக்குள் புகுவதைத் தடுக்கின்றன. சென்டினல் தீவிலோ, 1967இல் திரிலோகநாத் பண்டிட் குழுவினர் சென்று வெற்றுக் குடில்களைக் கண்டது முதல், 1991இல் மதுமாலா சட்டோபாத்யாய உள்ளிட்ட குழுவினரிடமிருந்து தீவினர் தேங்காய்களை நேரே பெற்றுக்கொண்டது வரை நீண்ட தொடர்பு முயற்சி, 1990களின் பிற்பகுதியில் நிறுத்தப்பட்டது. தொலைவில் நின்று நலம் நோக்குதல் அன்றி அணுகுதல் இல்லை என்பது இன்றைய கொள்கை. ஆய்வாளர்களே தம் காட்சியைத் துறந்த அரிய நிகழ்வு இது. மானிடவியல் வரலாற்றில் இதற்கு ஒப்பானவை சிலவே. இந்நிலையில், எவரையும் துன்புறுத்தாமல், எவருக்கும் நோய் கொண்டுசெல்லாமல் அம்மக்களைப் பற்றி அறிதற்குப் பொதுமக்களுக்கு எஞ்சியுள்ள இடம் அருங்காட்சியகம் ஒன்றே. கண்ணாடி இங்குப் பொருளைக் காப்பதோடு மக்களையும் காக்கின்றது. ஜாரவா மரப்பட்டை மார்புக்காப்பின் கோட்டோவியத்தைப் பொறுமையாகக் கண்டு மீளும் ஒருவர், சாலையில் பலகணி வழியே எட்டிப் பார்க்கும் வேட்கையைச் சிறிதேனும் தணித்துக்கொள்ளக் கூடும். தணியாமலும் போகலாம். என் பட்டறிவு இரண்டாவதையே காட்டியது என்பதை மேலே ஒப்புக்கொண்டேன். எனினும் சாலைக்கு மாற்றாகப் பேழையையே நான் தேர்வேன்.

பேழை இருப்பது ஏற்கத்தக்கதெனின், இருக்கும் முறை அடுத்த வினாவாகின்றது. போபாலில் உள்ள தேசிய மனித அருங்காட்சியகத்தின் திறந்தவெளியில், பல்வேறு குடியினர் தாமே வந்து தம் வீடுகளைக் கட்டியுள்ளனர். வீட்டைக் கட்டியவரே அதனைப் பற்றிச் சொல்லவும் வல்லவர். நாகாலாந்தினரோ பிட் ரிவர்சில் உள்ள தம் முன்னோர் எச்சங்களை மீட்பது குறித்து 2020 முதல் தம்முள் கலந்தாய்ந்து வருகின்றனர். 2024 அக்டோபரில் இங்கிலாந்தில் நாகர் மண்டையோடு ஒன்று ஏலத்துக்கு வந்தபோது எதிர்ப்பினால் அது விலக்கப்பட்டது. ஜாரவாக்களையோ சென்டினல் தீவினரையோ இவ்வாறு கலந்துகொள்ளுதல் இயலாது. கலந்துகொள்ள முற்படுவதே தீங்காகும். அவர் பொருட்டு நாம் செய்யக்கூடியது, 'வாழ்ந்தனர்' என்னும் இறந்தகாலத்தை 'வாழ்கின்றனர்' என நிகழ்காலமாக்கி எண்ணுதலும் சொல்லுதலும். இலக்கணம் கற்பிக்கும் நமக்கு, வினைமுற்றின் காலத்துக்கு இத்துணை அறப்பொருள் இருக்கும் என்பது புதிதாகப்படலாம். ஆனால் நிக்கோபாரியரிடம் கேட்க இயலும். பேரந்தமானியரின் வழித்தோன்றல்களிடமும் கேட்க இயலும். 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் கார் நிக்கோபார் முதலிய தீவுகளின் கடலோர ஊர்கள் அழிந்தன. தேன்கூடு போன்ற வட்டக் குடில்கள் போய், அரசு கட்டிய நிலையான குடியிருப்புகள் வந்தன. இப்பொழுது அருங்காட்சியகத்தில் உள்ள குடில் மாதிரி, நிக்கோபார் இளைஞர் ஒருவர்க்குத் தம் பாட்டன் வீட்டை நினைவூட்டுவது. அவர்க்கு அப்பேழை அயலாரின் காட்சியன்று, இழந்ததன் சான்று. பார்ப்பவர் மாறும்போது பேழையின் பொருளும் மாறுகின்றது.

கலத்தியா

1846இல் தேனிய நாட்டுக் கப்பல் 'கலத்தியா' தன் உலகப் பயணத்தின் ஒரு பகுதியாக நிக்கோபாருக்கு வந்து ஆராய்ந்து, பொருள்கள் திரட்டிச் சென்றது. பெரிய நிக்கோபாரின் விரிகுடா ஒன்றும் ஆறு ஒன்றும் அதன் பெயரைத் தாங்கியுள்ளன. அந்த விரிகுடாவில் இப்பொழுது பெருந்துறைமுகம் திட்டமிடப்பட்டுள்ளது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் இசைவு வழங்கப்பட்டது. ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர்க் காடு இதற்குத் தேவைப்படும். அக்காட்டில் வாழ்வோர் சொம்பென் மக்கள். 2011இல் 229 பேர். அதே நவம்பரில் சிறிய, பெரிய நிக்கோபார்ப் பழங்குடி மன்றம் தான் முன்னர் அளித்திருந்த தடையின்மைச் சான்றை விலக்கிக்கொண்டது. 2024 பிப்ரவரியில் பல நாடுகளைச் சேர்ந்த இனப்படுகொலை ஆய்வறிஞர்கள் குடியரசுத் தலைவருக்குத் தம் அச்சத்தை எழுதினர். திட்டம் நாட்டின் பாதுகாப்புக்கும் வணிகத்துக்கும் இன்றியமையாதது என்பது அரசின் நிலைப்பாடு. அதன் பொருளியலை மதிப்பிடும் தகுதி எனக்கில்லை. ஆனால் சொம்பெனியரின் பொருள்களைப் பாதுகாக்க வேண்டும் என ஒருமனதாக ஏற்கும் கற்றோர் அவை, சொம்பெனியரின் காட்டைப் பற்றிக் கருத்து வேறுபடுகின்றது. கூடை அருமையானது, கூடைக்கான பிரம்பு வளரும் இடம் அத்துணை அருமையானதன்று என்று எண்ணும் மனம் அருங்காட்சியகத்தில் உருவாகின்றதா, அன்றி அங்குத்தான் திருந்துகின்றதா என்பதை என்னால் துணிய இயலவில்லை. பழங்குடி மன்றம் தன் சான்றை விலக்கிக்கொண்ட அக்கடிதம் உரை. அதற்குரிய இடம் எப்பேழையிலும் இதுவரை ஒதுக்கப்படவில்லை.

2024 ஏப்ரலில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் சொம்பெனியர் எழுவர் முதன்முறையாக வாக்களித்தனர். 2025 சனவரியில் ஜாரவாக்கள் 19 பேர் வாக்காளராகப் பதிவு செய்யப்பட்டு, அவர்களுக்கு அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. அது அவர்கள் வேண்டிப் பெற்றதா, நாம் விரும்பி அளித்ததா என்பது தனியே ஆராய்தற்குரியது. வாக்காளர் அட்டையில் ஒளிப்படம் உண்டு. ஆளின் பெயரும் தந்தையின் அல்லது தாயின் பெயரும் உண்டு. மார்புக்காப்பு வைத்த பேழையின் குறிப்பட்டையில் இனப்பெயர் உண்டு, அதனைச் செய்தவரின் பெயர் இல்லை. அச்சிறுவன் இப்பொழுது வளர்ந்திருப்பான். அவ்வட்டைகளைப் பற்றிய செய்தியை நாளிதழில் அவன் படித்திருந்தால், அன்று தன் தாய் சொன்ன விடையை நினைத்துக்கொண்டிருப்பானோ என்று அவ்வப்போது எண்ணுகின்றேன்.